போலந்துக்கு ஒரு காவியம், குரோஷியாவுக்கு ஓர் எழுத்து

போலந்துக்கும் குரோஷியாவுக்கும் பொது எல்லை கிடையாது. ஒன்று பால்டிக் கடலோரம். மற்றொன்று அட்ரியாட்டிக் கடலோரம். இரு நாட்டாரும் ஸ்லாவிய இனத்தார், இருவரும் கத்தோலிக்கர் என்று சொல்லி இவர்களிடையே உள்ள பண்பாட்டு உறவை விளக்கிவிடுவது வழக்கம். ஸ்லோவாக்கியரும் ஸ்லோவேனியரும்கூட அப்படித்தானே! இனமும் சமயமும் அடித்தளம் போட்டன என்பது உண்மை. அதன்மேல் எழுந்தவற்றில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்த்தால்தான் உறவின் தன்மை விளங்கும்.

அரச குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். ஹங்கேரிக்கும் குரோஷியாவுக்கும் மன்னராயிருந்த லாயோஷ், 1370 முதல் 1382 வரை போலந்தையும் ஆண்டார். அவருடைய மகள் யாத்விகா போலந்தின் அரசியானார். அவரும் கணவர் யாகியெல்லோவும் 1390இல் கிராக்கோவை அடுத்த கிளெபார்ஸில் ஒரு பெனடிக்டின் மடம் நிறுவினர். துறவிகள் பிராக் நகரின் எம்மாவுஸ் மடத்திலிருந்து வந்தனர். அந்த மடமோ, 1347இல் நான்காம் கார்ல் மன்னர் குரோஷியத் துறவிகளை வரவழைத்து உண்டாக்கியது. ஸ்லாவியரின் பழைய எழுத்தான கிளகோலித்திக்கும் ஸ்லாவிய மொழி வழிபாடும் இப்படித்தான் அட்ரியாட்டிக் கரையிலிருந்து கிராக்கோவ் வரை போயின. கீழைத் திருச்சபையைச் சேர்ந்த தம் குடிகளை ரோமின் பக்கம் இழுப்பதே அரச தம்பதியரின் நோக்கம் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. ஆயினும் நூறாண்டு முடியுமுன்பே அங்கே அந்த வழிபாடு ஓய்ந்துவிட்டது.

அடுத்து வந்தவர்கள் அறிஞர்கள். ஹ்வார் தீவினரான டொமினிக்கன் துறவி வின்கோ பிரிபோயெவிச் கிராக்கோவில் சில காலம் வாழ்ந்தவர். ஸ்லாவியரின் தோற்றமும் பெருமையும் பற்றி 1525இல் சொந்த ஊரில் அவர் ஆற்றிய உரை, 1532இல் வெனிஸில் அச்சேறியது. ஷிபெனிக் ஊரைச் சேர்ந்த ஃபாவுஸ்ட் விரான்சிச் 1595இல் ஐம்மொழி அகராதி ஒன்றை வெளியிட்டார். லத்தீன், இத்தாலியம், ஜெர்மன், ஹங்கேரியம் ஆகியவற்றோடு தல்மாத்தியம் என்ற பெயரில் குரோஷியமும் அதில் இடம்பெற்றது. 1605இல் பிராக்கில் லோதெரெக்கர் என்பவர் செக்கையும் போலந்து மொழியையும் சேர்த்து அதை எழுமொழி அகராதியாக விரித்தார்.

இவ்வுறவின் உச்சம் இவான் குந்துலிச்சின் 'ஒஸ்மான்' காவியம். 1621இல் கோத்தினில் போலந்துப் படை இரண்டாம் ஒஸ்மான் சுல்தானைத் தடுத்து நிறுத்தியது. மறு ஆண்டே சுல்தான் தம் சொந்த ஜானிசரி வீரர்களின் கலகத்தில் மாண்டார். இதைக் கருப்பொருளாக்கிப் போலந்து இளவரசர் விளாதிஸ்லாவைக் காவியத் தலைவராக உயர்த்தினார் குந்துலிச். அவர் பிறந்த டுப்ரோவ்னிக் நிலையை எண்ணிப் பார்த்தால்தான் இதன் துணிவு புரியும். அந்தச் சிறு குடியரசு ஆண்டுதோறும் 12,500 பொற்காசுகளைச் சுல்தானுக்குத் திறையாகக் கட்டிவந்தது. போர் தொடுக்கும் பலம் அதற்கில்லை. வாய்விட்டுப் பகை பேசவும் வழியில்லை. தன் நகரத்தால் வெல்ல முடியாத போரைப் போலந்து வென்றதாகக் கவிஞர் பாடினார். கிறித்தவ ஸ்லாவியர் அனைவரின் விடிவையும் தொலைதூர இளவரசர் ஒருவரிடம் கண்டார்.

எட்டு அசை வரிகளில் இருபது படலங்களாக அமைந்த இக்காவியத்தில் 14, 15ஆம் படலங்கள் கிடைக்கவில்லை. குந்துலிச் 1638இல் மறைந்தார். நூல் அச்சேறியது 1826இல்தான். அதுவரை கையெழுத்துப் படிகளாகவே உலவியது. விடுபட்ட இரு படலங்களையும் குரோஷியக் கவிஞர் இவான் மசுரானிச் எழுதி நிரப்ப, 1844இல் முழுநூல் வெளிவந்தது. டுப்ரோவ்னிக் சந்தைச் சதுக்கத்தில் 1893இல் நிறுவப்பட்ட குந்துலிச் சிலையின் பீடத்தில் காவியக் காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன.

மசுரானிச்சின் தலைமுறைக்குப் போலந்து வேறு விதமாகவும் கைகொடுத்தது. ஹங்கேரிய மொழித் திணிப்பை எதிர்த்த குரோஷிய மறுமலர்ச்சியின் தலைவர் லியுதேவித் காய். வடக்கே ஹங்கேரிய முறையிலும், கடற்கரையில் இத்தாலிய முறையிலுமாக ஒரே ஒலியை ஆளுக்கொரு விதமாக எழுதிவந்த காலம் அது. 1830இல் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார் காய். பின்னர் நிலைபெற்ற அவருடைய முறையில் சில குறியெழுத்துகள் செக்கிலிருந்து வந்தவை. தலைமேல் சாய்கோடு ஏந்திய மெல்லிய 'ச்' எழுத்தோ போலந்து மொழியிலிருந்து வந்தது. குந்துலிச், மசுரானிச், கால்பந்து வீரர் மோட்ரிச் ஆகிய பெயர்களின் கடைசி எழுத்து அதுதான்.

காய் 1833இல் எழுதி, 1835இல் ஜாக்ரெப் அரங்கில் பாடப்பட்ட எழுச்சிப் பாடலுக்கும் போலந்துப் பாடலே முன்மாதிரி. அந்த மூலப் பாடலை 1797இல் இத்தாலியில் போலந்துப் படைப்பிரிவினருக்காக யூசெஃப் விபித்ஸ்கி இயற்றினார். இன்று அது போலந்தின் தேசிய கீதம். அப்பாடல் பிறப்பதற்கு ஈராண்டு முன்பே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கிட்டு முடித்திருந்தன. எழுத்தும் பாட்டும் கொடுத்த இனத்துக்கு அப்போது சொந்த நாடே இல்லை. தோற்ற பிறகும் அடங்காத அந்த மனத்தைத்தான் குரோஷியர் முன்மாதிரியாகக் கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் இரு நாட்டுக்கும் இடையிலான இலக்கியப் பணியைத் தோளில் சுமந்தவர் ஜாக்ரெபின் யூலியே பெனேஷிச். 1930 முதல் 1938 வரை வார்சாவில் இருந்து, தம் மண்ணின் இலக்கியங்களைப் போலந்து மொழியில் நூல்வரிசையாகக் கொண்டுவந்தார். அவருடைய குரோஷிய–போலந்து அகராதி 1949இல் வெளிவந்தது.

அரசர் கணக்குப் போட்டுக் கட்டிய மடத்தில் வழிபாட்டு மொழி வேர்பிடிக்கவில்லை. எவரும் ஆணையிடாமல், தம் தேவை அறிந்து கவிஞரும் இலக்கணக்காரரும் எடுத்துக்கொண்ட கதையும் எழுத்தும் பாட்டும் இன்றுவரை புழக்கத்தில் உள்ளன. இரு நாட்டு நட்பைப் போற்றி மலர் வெளியிடுவோர், ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்களுக்கு முன்னால் இவர்களுக்கே முதல் இடம் தரவேண்டும்.