ஸ்கூபா முக்குளிப்பு: மாற்றுக் காற்று யாரிடம் இருக்கிறது?

பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளுக்குப் போகும் நம் இளையர்கள் சிலர் இப்போது ஸ்கூபா பயிற்சியும் எடுத்து வருகின்றனர். அவர்களும் அவர்களின் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்கள் இங்கே.

முதுகில் சுமக்கும் கலனில் இருப்பது ஆக்சிஜன் அல்ல. பொதுவாக, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். (செய்திகளில்கூட இந்தத் தவறு வருவதுண்டு.) அதிலிருந்து இரண்டு வாய்க்கருவிகள் பிரியும். ஒன்று நமக்கு. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் மற்றொன்றுக்கு ‘ஆக்டோபஸ்’ என்று பெயர். இது காற்று தீர்ந்துபோன கூட்டாளிக்குக் கொடுப்பதற்கு.

பலர் குழம்புவது இங்கேதான். இரண்டு கருவிகளுக்கும் கலன் ஒன்றே. உங்கள் கலன் காலியானால் உங்கள் ஆக்டோபஸிலும் காற்று வராது. அப்போது உங்களுக்கான மாற்றுக் காற்று கூட்டாளியின் உடம்பில் இருக்கிறது. அவர் படம் பிடித்துக்கொண்டே பத்து மீட்டர் தள்ளிப் போய்விட்டால், அது இல்லாததற்குச் சமம்.

கையடக்கக் காற்றுப் போத்தல்களை இணையத்தில் வாங்கலாம். அரை லிட்டர் போத்தலை 200 பார் வரை நிரப்பினால் சுமார் 100 லிட்டர் காற்று கிடைக்கும். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் 2.8 மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 25 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 70 லிட்டர் செலவழிப்பார். பதற்றத்தில் இன்னும் அதிகம். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வரவே 2 நிமிடம் ஆகும். கணக்கு இடிக்கிறது அல்லவா? 3 லிட்டர் துணைக்கலன் உண்மையிலேயே உதவும். ஆனால் அதைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஆகவே மானியைப் பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். இறங்குமுன் மானியைப் பார்த்தபடியே இரு கருவிகளிலும் சில முறை மூச்சிழுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. 200 பாரில் தொடங்கினால், 100 ஆனதும் வழிகாட்டியிடம் காட்டுங்கள். 50 பார் மீதமிருக்கும்போதே நீருக்கு மேலே வந்திருக்க வேண்டும். புதியவர்களுக்குக் காற்று சீக்கிரம் தீரும். முதலில் கை காட்டுவதில் வெட்கம் எதற்கு?

கட்டை விரலை உயர்த்தினால் ‘நன்று’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். கழுத்தைக் குறுக்கே வெட்டுவதுபோல் கையசைத்தால் காற்று இல்லை என்று பொருள்.

மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேற்பரப்பில் இரு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடலாம். வழக்கமாக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வரச் சொல்வார்கள். தொடக்கநிலை முக்குளிப்பில் இது கூடுதல் பாதுகாப்புக்குத்தான். காற்று போதவில்லை என்றால் அங்கே நிற்காமல், அதே நிதானத்தில் மேலே வந்துவிடுங்கள்.