பொட்டிக்குள்ள தண்ணி வந்த கதை

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பையன் இருக்கிற வீடுகளில் இப்போ அடிக்கடி காதில் விழற வார்த்தை, "வாட்டர் கூலிங்". கேம் ஆடற கம்ப்யூட்டர்தான். ஆனா உள்ளே கண்ணாடிக் குழாயில் கலர் கலரா தண்ணி ஓடணுமாம். ஊரிலிருந்து வந்திருக்கிற பாட்டி காதில் விழுந்தா, "கரண்டு ஓடற எடத்துல தண்ணிய விடறதா?" என்று கேட்பார். ரொம்ப நியாயமான கேள்வி. பெரிய பெரிய இஞ்சினியர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியும் கூட. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

முதலில், எதுக்குத் தண்ணி? ஒரே அளவு இடத்தை எடுத்துக்கொண்டால், காற்றைவிட சுமார் 3500 மடங்கு சூட்டைத் தண்ணீர் தாங்கிக்கொண்டு போகும். ஃபேன் எவ்வளவு கத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது ஐபிஎம் ஆட்களுக்கு நல்லாவே தெரியும். 1980ல் அறிவித்த ஐபிஎம் 3081 மெயின்ஃபிரேமில் உள்ளங்கை அகல பீங்கான் தகடு ஒன்றில் நூறுக்கும் மேற்பட்ட சிப்புகளை நெருக்கி அடுக்கினார்கள். ஒவ்வொரு சிப் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த குட்டி அலுமினிய பிஸ்டன். சுற்றிலும் காற்றுக்குப் பதில் ஹீலியம், ஏன்னா அது சூட்டைக் காற்றைவிட வேகமாக் கடத்தும். பிஸ்டன் வழியா மேலே வந்த சூட்டை அதன் தலையில் ஓடற குளிர்ந்த தண்ணி வாங்கிக்கொண்டு போகும். தண்ணி சிப்பைத் தொடவே தொடாது. மெஷின் வாங்கினவர் தண்ணிக் குழாய்க்கும் சேர்த்தே ஏற்பாடு பண்ணணும். கம்ப்யூட்டர் ரூமுக்கு பிளம்பர் வந்து போன காலம் :)

1985ல் வந்த க்ரே-2 பாட்டிக்கு வேற பதில் வைத்திருந்தது. மின்சாரம் கடத்தாத ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்துக்குள் போர்டுகளையே முக்கி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் 1994 வாக்கில் ஐபிஎம் சிமாஸ் சிப்புகளுக்கு மாறியது. பழைய பைபோலார் சிப் சும்மா இருந்தாலும் கரண்டு குடிக்கும். சிமாஸ் வேலை செய்யும்போதுதான் பெரும்பாலும் குடிக்கும். சூடு குறைந்தது, ஃபேனே போதும் என்றாகி, குழாயைக் கழற்றிவிட்டார்கள்.

தண்ணியைத் திரும்பக் கூட்டி வந்தது கம்பெனிகள் இல்லை, பசங்க. 1998ல் இன்டெல் செலரான் 300ஏ என்று மலிவு சிப் ஒன்றை விட்டது. பஸ் வேகத்தை 66லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 300ல் ஓட வேண்டியது 450ல் ஓடியது. விலை பல மடங்கு இருந்த பென்டியம் 2 வேகம், ஓசியில்! அதுக்கு ஃபேன் போதும். ஆனா ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்து வந்த ஏஎம்டி அத்லான், வேகமும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் சில நொடியில் புகை வருவதை டாம்ஸ் ஹார்ட்வேர் 2001ல் வீடியோவே எடுத்துப் போட்டது.

கடையில் இதுக்கென்று பாகங்கள் அதிகம் கிடைக்காத காலம். அமெரிக்காவில் பசங்க காயலான் கடைக்குப் போனார்கள். 1977 போன்டியாக் பான்வில் காரின் ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு அவ்வளவு கிராக்கி! பம்ப் மீன் தொட்டியிலிருந்து. செம்புக் கட்டியை வீட்டிலேயே டிரில் பண்ணி, சிப் மேலே உட்காரும் பிளாக். மீன் தொட்டி பம்ப் வீட்டு கரண்டில் ஓடும், கம்ப்யூட்டர் தனி. பம்பைப் போட மறந்தால் சிப் காலி. அதனால் இரண்டும் சேர்ந்தே ஆன் ஆக ஒரு ரிலே.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதைப் பலர் காசைக் கரைத்துத்தான் கற்றார்கள். டிஸ்டில்ட் வாட்டர், பாசி பிடிக்காமல் இருக்க மருந்து, மதர்போர்டுக்குக் கரண்டு கொடுக்காமல் ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் டிஷ்யூ பேப்பர் நனைகிறதா என்று பார்ப்பது. எல்லாம் அந்தக் காலத்துப் பாடம். இன்றைக்கும் மாறவில்லை.

2004ல் ஆப்பிளே பவர் மேக் ஜி5ல் திரவக் குளிரூட்டல் வைத்தது. சில வருஷத்தில் சில மெஷின்களில் அது கசிந்து உள்ளே நாசம் பண்ணியதும் உண்டு. அதே 2004ல் இன்டெலும் பிரெஸ்காட் சூட்டில் வெந்து, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐக் கைவிட்டது. 2006ல் கோர் 2 டுவோ 65 வாட்டில் வந்ததும் மறுபடி "தண்ணி எதுக்கு?" கதைதான். மிச்சம் இருந்தது பெரும்பாலும் அழகு.

2009ல் டென்மார்க்கின் ஏசடெக் தயாரித்து கோர்செய்ர் விற்ற எச்50 வந்தது. தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய சமாச்சாரம், நாலு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. டிரில், டிஷ்யூ பேப்பர் எல்லாம் வேண்டாம்.

இப்போ நம்ம வீட்டுப் பையன் கேட்பது எந்த ரகம்? 2025ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு மட்டுமே 575 வாட் இழுக்கும். ஆனா ஒன்று, தண்ணி சூட்டை ஒழிக்காது, இடம் மாத்தும். அத்தனையும் ரேடியேட்டர் வழியா நம்ம பெட்ரூமுக்குத்தான் வரும். அறைக் காற்றைவிடத் தண்ணி குளிரவும் குளிராது. ஏப்ரல் மாச புனே வெயிலில் இரண்டு படுக்கையறை வாடகை ஃப்ளாட்டில் ஒரு சின்ன ரூம் ஹீட்டரை ஓட்டுகிற கணக்கு. நாக்பூர், டெல்லிக்காரர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். லைட்டுக்காகக் கேட்டால் நான் "நோ"தான் சொல்வேன். தானே குழாய் வெட்டி, தானே கசிவு பார்த்து, ஆறு மாசம் ஒரு முறை தண்ணி மாற்றத் தயார் என்றால் காசு கொடுக்கலாம்.

காரணம் இருக்கு. 2019ல் இதே புனேயில், பாஷாண் பக்கம் இருக்கிற ஐஐஎஸ்இஆரில், பரம் பிரம்மா என்ற 797 டெராஃப்ளாப் சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. குளிரூட்ட நேரடித் திரவ முறை, ஓடறது சாட்சாத் தண்ணி. 2024ல் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ரேக் ஒன்று சுமார் 120 கிலோவாட், தண்ணி இல்லாமல் முடியவே முடியாது. இந்த மாதிரி டேட்டா சென்டர்களுக்குத் திரவக் குளிரூட்டல் செய்துகொடுக்கும் கனடாவின் கூல்ஐடி, 2001ல் ஆரம்பித்தபோது செய்தது கேம் ஆடற பசங்களின் பொட்டிக்கான கூலர்.