சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மூடல் (2018–19)

விருதுநகர் மாவட்டம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் 2018 தீபாவளிக்குப் பின் சில மாதங்கள் மூடிக் கிடந்த நிகழ்வு. காற்று மாசை எதிர்த்து டெல்லிக் குழந்தைகள் மூவர் பெயரில் 2015இல் தொடரப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இசைவளித்தது.

பேரியம் நைட்ரேட் வெறும் பச்சை நிறத்துக்கானதன்று. மத்தாப்பு, பூச்சட்டி, சக்கரம் போன்றவற்றின் மருந்து எரிய ஆக்சிஜன் தருவதும் அதுவே. அதற்கு மாற்று கைக்கு வருமுன்பே தடை வந்ததால், வழக்கமான தீபாவளி விடுமுறை முடிந்தும் ஆலைகள் திறக்கவில்லை.

அடி விழுந்தது துண்டுக்கூலித் தொழிலாளர்மீது, அவர்களிலும் பெண்கள்மீது. சரவெடி பின்னுவது பலரும் கைப்பழக்கத்தால் கற்ற வேலை. அந்தத் திறனுக்கு வேறு எந்தத் தொழிலிலும் விலையில்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் விவசாயமும் கைகொடுக்காது. டெல்லியின் மூச்சுத்திணறல் உண்மை. ஆனால் வேலையிழந்தோருக்கு மாற்று ஏற்பாடு எதுவும் முன்கூட்டிச் செய்யப்படாதது பெரும் குறை.

தடை நீங்காத நிலையிலேயே 2019 மார்ச்சில் ஆலைகள் திறக்கத் தொடங்கின. தடையை நீதிமன்றம் 2021இல் மீண்டும் வலியுறுத்தியது. பேரியத்தைக் குறைத்துப் பயன்படுத்த இசைவு கேட்ட கோரிக்கையை 2023 செப்டம்பரில் நிராகரித்தது.