புலித்தொகைப் பெருக்க மாதிரிகள்

காட்டில் புலிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் எவ்வாறு கூடும், குறையும் என்பதைக் கணிக்கும் சமன்பாடுகள். இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று, பெல்ஜியக் கணிதவியலர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் தந்தது: சிறிய தொகை விரைந்து பெருகும், இரையும் இடமும் தாங்கும் எல்லையை நெருங்க நெருங்க வேகம் தணியும். 1945இல் லெஸ்லி பிறப்பையும் பிழைப்பையும் வயதுவாரியாகப் பிரித்தார். இந்தியாவில் சமன்பாடுகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவற்றில் இடுவதற்கு நம்பத்தக்க எண்தான் கிடைக்கவில்லை.

1960களில் ஒடிசா வனத்துறையின் சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த கால்தட முறையே நெடுங்காலம் கோலோச்சியது. எல்லாப் புலியின் தடமும் கண்ணில் படும், ஒவ்வொன்றையும் பிரித்தறியலாம் என்ற இரண்டு நம்பிக்கைகள் அதன் அடித்தளம், இரண்டுமே தளர்ந்தவை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது தெரியவந்தது.

மாற்றுவழி கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் தொடங்கியிருந்தது. புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் தானியங்கிக் கேமராக்களை வைத்து, வரிகளைக் கொண்டு புலிகளை அடையாளம் கண்டார். முதல் சுற்றில் 10 புலிகள் படமாகி, அடுத்த சுற்றில் படமான 10இல் 5 மட்டுமே பழையவை என்றால், காட்டில் ஏறத்தாழ 20 இருக்கும். காணாதவற்றையும் கணக்கில் சேர்க்கும் இந்த நேர்மையே அதன் பலம். அவர் குழு 2006இல் வெளியிட்ட ஒன்பதாண்டு ஆய்வு, ஆண்டுப் பிழைப்பு வீதத்தை 0.77 எனக் கண்டது. ஆண்டுக்கு நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான புலிகள் மடிகின்றன அல்லது வெளியேறுகின்றன. ஆயினும் தொகை ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு வளர்ந்தது. இரை செழித்த காடு இழப்பை ஈடுசெய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஹைதராபாத்தில் தார்நாகாவை அடுத்துள்ள சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வகத்தில் லால்ஜி சிங்கும் ஜோத்ஸ்னா பகவதுலாவும், எச்சத்திலுள்ள மரபணுவைக் கொண்டு புலிகளைப் பிரித்தறியும் முன்னோட்ட ஆய்வை அதே 2006இல் வெளியிட்டனர். ஒரே புலியின் எச்சம் இருமுறை கிடைப்பது, கேமராவில் அது இருமுறை சிக்குவதற்கு ஒப்பு, கணிதம் ஒன்றே. ஆனால் வெயிலிலும் மழையிலும் மரபணு சிதையும். சிதைந்ததைத் தவறாக வாசித்தால் ஒரு புலி இரண்டாகிவிடும்.

தேசியக் கணக்கெடுப்பு 2006இல் 1,411 என்றது, 2022இல் 3,682. முந்தையதில் சுந்தரவனம் சேரவில்லை. பின்னர் பரப்பும் விரிந்தது. இவ்விரண்டையும் அப்படியே சமன்பாட்டில் இட்டால், கிடைக்கும் வளர்ச்சி வீதம் உண்மையானதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.