பச்சிளங்குழந்தைகளின் குருதித்தொற்றைக் கண்டறிதல்: இந்திய வரலாறு

பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தையின் இரத்தத்தில் கிருமி பரவி உண்டாகும் நோய் பச்சிளங்குழந்தைச் செப்சிஸ் எனப்படுகிறது. இரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. ஆனால் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். நோயோ சில மணி நேரத்தில் முற்றிவிடக்கூடியது. 1980-இல் பிலிப், ஹெவிட் ஆகியோர் வெள்ளணு எண்ணிக்கை, சி-ரியாக்டிவ் புரதம் முதலியவற்றைச் சேர்த்து ஒரு விரைவுச் சோதனைத் தொகுப்பை வெளியிட்டனர். அதற்கும் ஆய்வகம் தேவை.

ஆய்வகம் இல்லாத ஊர்களுக்கான வழி மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உருவானது. மருத்துவ இணையரான அபய் பங், ராணி பங் தொடங்கிய 'சர்ச்' அமைப்பு 39 ஊர்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. நன்றாக அழுத குழந்தையின் அழுகை மெலிந்துவிட்டதா, பால் குடிப்பது குறைந்துவிட்டதா, தொப்புளில் சீழ் உள்ளதா என்று அவர்கள் வீடு தேடிச் சென்று பார்த்தனர். முதல் இரண்டும் நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால்தான் புலப்படும்; ஒரே முறை பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாதது தாய்க்குத் தெரியும். இத்தகைய அறிகுறிகள் சேர்ந்து தென்பட்டால் ஜென்டாமைசின் ஊசியும் கோட்ரைமாக்சசோல் மருந்தும் கொடுக்கப்பட்டன. செப்சிஸ் கண்ட குழந்தைகளின் இறப்பு 16.6 விழுக்காட்டிலிருந்து 2.8 விழுக்காடாகக் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழ்க் கட்டுரை தெரிவித்தது.

மருத்துவமனைகளில் சிக்கல் வேறு. 2011–2014 காலத்தில் தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் மிகுதியாகக் கிடைத்த கிருமி அசினெட்டோபாக்டர். அதில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. எந்த மருந்து கேட்கும் என்பதை அறிகுறிகள் சொல்லா. ஆகவே அங்கே சிகிச்சையை உடனே தொடங்கினாலும், முதல் ஊசிக்கு முன்பே வளர்ப்புச் சோதனைக்கு இரத்தம் எடுக்கப்படுகிறது.