நான்கு கோல் தூரம்

தமிழுக்கு முதல் இலக்கணம் தந்தவர் என்று அகத்தியரை வகுப்பில் நடத்துகிறோம். அவர் உறைவதாக நம்பப்படும் பொதிகை உச்சிக்குப் பெண்கள் ஏறக்கூடாது என்ற தடை, அண்மைக் காலம் வரை அரசு அறிவிப்பாகவே இருந்தது.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து நடந்தால் முதல் நாள் அதிருமலை முகாம். அங்கே இரவு தங்கி, மறுநாள் காலை செங்குத்துப் பாறைகளில் கயிறு பிடித்து ஏற வேண்டும். வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் பாதையைத் திறக்கும். பெண்களும் 14 வயதுக்குட்பட்டவர்களும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அறிவிப்பு சொல்லும். கடினமான பாதை என்பது காரணம்.

கே.ஜி.கண்டிகைக்காரிக்கு இந்தக் காரணம் புரியாது. பக்கத்தில் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஏறுபவர்கள் பெண்கள்தான். அங்கே கோயில் கொண்டவனின் மனைவி வள்ளியோ, பரண் மேல் நின்று தினைப்புனம் காத்த மலைப்பெண். விறகுச் சுமையோடு இறங்கும் பெண்ணிடம் மலை கடினமென்று எந்த அறிவிப்பும் சொன்னதில்லை. வேலைக்காக ஏறலாம், வேண்டுதலுக்காக ஏறலாம். உச்சியில் நின்று சும்மா பார்ப்பதற்காக ஏறினால்தான் கேள்வி.

பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. உடல்தகுதி பார்க்கலாம், பாலினம் பார்க்கக்கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14 அன்று புறப்பட்ட முதல் குழுவில் தன்யா சனல் ஒருவரே பெண். தீர்ப்புக்குப் பின் உச்சியை அடைந்த முதல் பெண் அவர்.

அன்று போனக்காட்டில் காணிப் பழங்குடி மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வழியை மறிக்கவில்லை. அகத்தியர் பிரம்மச்சாரி, சிலை அருகே பெண்கள் போகக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. காட்டோடு வாழ்பவர்களின் நம்பிக்கையை நகரத்திலிருந்து போகும் நாம் எள்ளி நகையாட முடியாது. அவர்களோடு பேசலாம், பேச வேண்டும். ஆனால் அந்த நம்பிக்கையைக் 'கடினமான பாதை' என்ற போர்வைக்குள் வைத்து அரசாணையாக்கியது வேறு செயல். அதோடு பேச முடியாது; வழக்குத்தான் தொடுக்க முடியும்.

அகத்தியர் பிரம்மச்சாரி என்பதும் ஒரு மரபுதான். அவருக்கு லோபாமுத்திரை என்ற மனைவி உண்டு என்பது இன்னொரு மரபு. இருக்கு வேதத்தின் முதல் மண்டலம், 179ஆம் பாடலில் அவள் கணவனோடு வாதாடுகிறாள்: தவம் போதும், என்னோடு வாழ வா.

தமிழிலும் அவள் இருக்கிறாள். தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். லோபாமுத்திரையை அழைத்துவர அகத்தியர் தொல்காப்பியரை அனுப்புகிறார். நான்கு கோல் தூரம் விலகியே வர வேண்டும் என்பது கட்டளை. வையை வெள்ளம் அவளை இழுத்துப் போகிறது. தொல்காப்பியர் மூங்கில் கோல் ஒன்றை முறித்து நீட்ட, அதைப் பற்றி அவள் கரையேறுகிறாள். தூரம் குறைந்துவிட்டது என்று அகத்தியர் சபிக்கிறார்: உங்களுக்குச் சுவர்க்கம் இல்லை. குற்றமற்றவர்களைச் சபித்ததால் உமக்கும் இல்லை என்று பதில் சாபம் வருகிறது.

பெண்ணின் உயிரைவிட அவளை நிறுத்திவைக்கும் தூரம் பெரிதாகிவிடுவது நம் இலக்கண மரபின் வாசலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தூரத்தை மீறி நீட்டிய கோலும், அஞ்சாமல் திருப்பிச் சொன்ன சாபமும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. அகத்தியரை நடத்தும் வகுப்பில் மூன்றையும் சேர்த்தே நடத்துவோம்.