குலிகான் சமாதியும் மெட்காஃப் துரையும்

குதுப்மினாரைக் காணாத தில்லித் தமிழர் இலர். ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கினால், மறுநாளே அவர்களை அங்கு அழைத்துச் செல்வது நம் குடும்பங்களின் வழக்கம். ஆயினும் மினாருக்குத் தென்கிழக்கே, மெஹ்ரௌலித் தொல்லியல் பூங்காவினுள், மேடைமீது நிற்கும் எண்கோணக் கட்டடத்தைக் கண்டோர் நம்மவருள் மிகச் சிலரே.

அது குலிகானின் சமாதி. அக்பரின் வளர்ப்புத் தாய் மாகம் அனகாவின் மைந்தர் அவர், ஆதம்கானுக்கு உடன்பிறந்தவர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இக்கட்டடம் வெளியே எட்டுப் பட்டை, உள்ளே சதுரம். புறச்சுவரில் நீலம், பச்சை, மஞ்சள் நிற ஓடுகளின் எச்சங்கள் உள்ளன. உள்ளே சுண்ணச்சாந்தில் கீறிய நுண்ணிய வேலைப்பாடு கண்ணைக் கவரும்.

1840-களில் இது ஓர் ஆங்கிலேயரின் நாட்டுப்புற மனையாயிற்று. முகலாய அரசவையில் கும்பினியின் பிரதிநிதியாயிருந்த சர் தாமஸ் மெட்காஃபுக்கு யமுனைக் கரையில் பெருமாளிகை ஒன்று முன்பே இருந்தது. மழைக்காலத்தில் தங்குவதற்கு இச்சமாதியைத் தெரிந்தெடுத்து, சுற்றிலும் அறைகளை இணைத்து, 'தில்குஷா' என்று பெயரிட்டார். உளங்களிக்கச் செய்வது என்பது பொருள். நடு மண்டபம் உணவுக்கூடமாயிற்று. சாவுத் தீட்டுக்குத் தலைமுழுகும் நமக்கு, சமாதிக்குள் விருந்து என்பது வியப்பாகவே இருக்கிறது! பேரரசர் பகதூர் ஷாவின் மழைக்கால மாளிகையான ஜஃபர் மஹாலும் மெஹ்ரௌலியிலேயே இருந்தமையால், துரைக்கு அரசியல் பயனும் உண்டு.

1822-இல் உதகையில் 'கல் பங்களா'வைக் கட்டத் தொடங்கிய கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் புதிதாகச் சுவர் எழுப்பினார். மெட்காஃபோ பிறர் எழுப்பிய சுவருக்குள் குடிபுகுந்தார். கல்லும் குவிமாடமும் பழையன. ஒட்டுக் கட்டடங்களும் தோட்டமுமே புதியன. அக்கால இங்கிலாந்தின் செல்வர் தம் தோட்டங்களில் பழம்பொருள் போலத் தோன்றும் கட்டடங்களைப் புதிதாகக் கட்டி மகிழ்வர். எங்கு நோக்கினும் மெய்யான இடிபாடுகள் மலிந்த மெஹ்ரௌலியிலும் துரை அவ்வழக்கத்தை விடவில்லை! குன்றின்மேல் அவர் எழுப்பிய குடை மண்டபம் இன்றும் நிற்கிறது. பழைய கட்டடம் ஒன்றைப் படகுத்துறையும் ஆக்கினார்.

1853-இல் மெட்காஃப் இறந்தார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் யமுனைக்கரை மாளிகை சூறையாடப்பட்டது. தில்குஷாவில் அவர் சேர்த்த அறைகள் இடிந்து குட்டிச்சுவர்களாயின. குலிகானின் எண்கோணமோ குவிமாடத்துடன் உறுதியாக நிற்கிறது. அவர் பெயர் தாங்கிய சமாதிக்கல்தான் உள்ளே இல்லை.